பன்னீர் மணந்த சில்லி

அத்தியாயம் 6

டெஸ்பினா லாஸோஃப் ஜெயிலுக்குப் போக இன்னும் இருபத்தைந்து மணி நேரம் இருந்தது. அதில் முதல் அரை மணியை வெண்டல் ப்ருயிட் டோனட் தின்பதில் செலவழித்தான்.

"தின்னு முடிச்சாச்சா, இல்ல அட்டைப் பெட்டியையும் சேர்த்து முழுங்கப் போறியா?" என்றாள் லொரெட்டா நீஹாஸ், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பெட்டியில சர்க்கரை கம்மி, பாஸ். எங்க டாக்டர் அதைத்தான் சிபாரிசு பண்ணுவார்."

சின்சினாட்டியில் வைன் தெருவில் ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்தது லொரெட்டாவின் துப்பறியும் அலுவலகம். கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வெண்டல் தன் தாடையைத் தடவிக்கொள்வான். லொரெட்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்து, ஊரில் உள்ள அத்தனை பொய்யையும் சத்தியப் பிரமாணத்தோடு வாங்கி அடுக்கி வைத்தவள். வெண்டல் இங்கே சேர்வதற்கு முன் சம்மன் கொடுக்கும் வேலை பார்த்தவன். மூன்று நாய்களும் ஒரு பாதிரியாரும் அவனைக் கடித்திருப்பதாகச் சொல்வான். பாதிரியார் விஷயத்தை யாரும் நம்புவதில்லை.

டெஸ்பினா நார்த்சைடில் சில்லிக் கடை வைத்திருந்தாள். இந்த ஊரில் சில்லி என்றால் மிளகாய் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பகெட்டியின் மேல் ஊற்றி, அதற்கும் மேலே சீஸைத் துருவிக் குவித்துத் தரும் கொத்துக்கறிக் குழம்பு அது. அவள் அப்பா மாசிடோனியாவிலிருந்து வந்து போட்ட கடை. கடை போக அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து, தங்குவதற்கான அரசுக் காகிதம் இல்லாமல் ஊரில் பிழைக்கும் நாற்பத்தொரு குடும்பங்களின் பட்டியல் ஒன்றை அவள் தன் லேப்டாப்பில் வைத்திருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் ஒரு நாள் வேலை செய்யும் இடத்திலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டால், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளையை யார் போய் அழைத்து வருவது, எந்த வீட்டில் விடுவது என்று சொல்லும் பட்டியல். அந்த லேப்டாப்பைப் பூட்டி, கடவுச்சொல்லைத் தன் மண்டைக்குள் வைத்திருந்தாள்.

மத்திய அரசின் விசாரணைப் பிரிவு ஒன்று செப்டம்பரில் அதைத் தூக்கிக்கொண்டு போனது. நீதிபதி அகஸ்டா ப்ளெட்ஸோ ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பூட்டு திறக்கிறதா என்று சோதிக்கலாம், திறந்துகொண்டால் அந்த நிமிடமே எனக்குச் சொல்ல வேண்டும், நான் சொல்லும்வரை ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது. பிரிவின் கணினி ஆசாமி டாலிவர், முப்பத்தாறு நாள் முயன்றும் திறக்கவில்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தான். ஆகவே வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் டெஸ்பினாவே கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சொல்லும்வரை சிறை என்று உத்தரவானது. அதன் பிறகுதான் டெஸ்பினாவின் வக்கீல் இந்த ஃபைலை லொரெட்டாவிடம் அனுப்பினார்.

"முப்பத்தாறு நாள் சோறு தண்ணி இல்லாம பூட்டோட மல்லுக்கட்டினேன்னு எழுதியிருக்கான்" என்றான் வெண்டல், விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே. "ஆளு என்ன பண்ணிட்டிருந்தான் பாருங்க. ஊருக்கே தெரியற மாதிரி படம் போட்டிருக்கான்."

கைபேசியை நீட்டினான். படத்தில் கொழுகொழுவென்று ஒருவன் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழ நீளத்துக்கு ஒரு மரக்கரண்டியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். விசாரணைப் பிரிவின் வருடாந்திர சில்லிப் போட்டி. முதல் பரிசு டாலிவருக்கு.

லொரெட்டா படத்தை விரலால் பெரிதாக்கினாள். "தட்டுல என்ன இருக்கு, ஸ்பகெட்டியா?"

"ஆமா. நம்ம ஊர் சில்லிதான்."

"இவன் எந்த ஊர்?"

"டெக்ஸாஸ். லபக். இங்க மாத்தலாகி வந்து நாலு மாசம்."

லொரெட்டா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் எங்கோ யாருக்கோ கெட்ட நேரம் என்று வெண்டலுக்குத் தெரியும்.

"வெண்டல், ஒரு டெக்ஸாஸ்காரன் நம்ம சில்லியைப் பத்தி என்ன சொல்வான்?"

"குழம்புல இலவங்கப்பட்டையா, இது சாப்பாடா கேக்கான்னு கேப்பான். ஸ்பகெட்டியைக் கண்டா தொப்பியைக் கழட்டி இரங்கல் சொல்வான். எங்க மச்சான் டெக்ஸாஸ்தான், பாஸ். கல்யாணத்துக்கு வந்து ஒரு வாய் தின்னுட்டு இன்னும் எங்க அக்காவை மன்னிக்கல."

"அப்பேர்ப்பட்டவன் நாலே மாசத்துல, இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த அத்தனை பேரையும் தோற்கடிச்சிருக்கான். யாரோட சமையல் குறிப்பை வச்சு?"

வெண்டல் டோனட்டைக் கீழே வைத்தான். பாதி மீதி இருந்தும் வைத்தான் என்றால் விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

"ஜெயிச்சவன் தர்ம விருந்துக்கு ஒரு அண்டா சமைச்சுப் போடணுமாம்" என்று படத்தின் கீழே இருந்ததைப் படித்தான். "மேற்குப் பக்கத்துல ஒரு சர்ச் கூடத்துல. இன்னைக்கு மத்தியானம்."

"கோட்டை எடு. சாப்பிடப் போறோம்."

"இந்த வேலையில சேர்ந்து எட்டு வருஷத்துல உங்க வாயிலேர்ந்து வந்த முதல் நல்ல வார்த்தை இதுதான்."

* * *

சர்ச் கூடத்தில் நல்ல கூட்டம். நீண்ட மேஜைகளில் பிளாஸ்டிக் விரிப்பு, ஒவ்வொரு விரிப்பிலும் பூசணிக்காய்ப் படம். டாலிவர் ஒரு பெரிய அண்டாவுக்குப் பின்னால் நின்று, ராஜா தானம் கொடுப்பதுபோல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

வெண்டல் தட்டை வாங்கி வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தான். மென்றான். மெல்வதை நிறுத்தினான். தட்டுக்குள் மூக்கை விட்டு முகர்ந்தான்.

"பாஸ், இதுல யாரோ குளிச்சிருக்காங்க."

"வாயை மூடிட்டுத் தின்னு."

"சத்தியமா சொல்றேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில ஒரு சோப்பு வாசனை வருது. எங்க பெரியம்மா கைக்குட்டை மாதிரி."

லொரெட்டாவும் முகர்ந்தாள். அவளுக்கும் அந்த வாசனை பிடிபட்டது. ஆனால் அது என்னவென்று பெயர் சொல்லத் தெரியவில்லை. எழுந்து அண்டாவின் பக்கம் போனாள்.

"தம்பி, பிரமாதம்!" என்றாள் டாலிவரிடம், அவள் வயதுக்கும் சுபாவத்துக்கும் சற்றும் பொருந்தாத ஒரு குழைவோடு. "இங்கயே பொறந்து வளர்ந்த எனக்கே கைவராத ருசி. யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"எங்க அத்தை சொல்லிக் கொடுத்தது, மேடம்" என்றான் டாலிவர். காது வரை சிரிப்பு. "குடும்ப ரகசியம். வெளிய விடறதில்ல."

"ஐயோ, நான் கேக்கவே மாட்டேன்."

கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அண்டாவுக்கு முன்னால், ஒரு குட்டிப் பூசணிக்காய் மேல் சாய்த்து, ஓர் அட்டை வைத்திருந்தார்கள். பொதுவில் விருந்து போட்டால் இந்த ஊரில் அதுதான் வழக்கம். யாருக்கோ கடலை ஆகாது, யாருக்கோ பால் ஆகாது, யாருக்காவது தொண்டை வீங்கினால் வம்பு. அதனால் சமைத்தவரே தன் கையால், உள்ளே போட்ட ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்துவிட வேண்டும். நாற்பத்தொரு குடும்பத்தின் பட்டியலைத் திருடுகிறவன்கூடக் கடலை ஒவ்வாமை என்றால் நடுங்கித்தான் ஆக வேண்டும்.

வெண்டல் பக்கத்தில் வந்து அட்டையைப் படித்தான். மொத்தம் பதின்மூன்று. ஏழாவதில் அவன் விரல் நின்றது.

"ரோஜாப் பன்னீர்" என்று மெதுவாக வாசித்தான். "குழம்புல எதுக்கு பாஸ் பன்னீர்? கல்யாணத்துக்கா கூப்பிட்டிருக்கான்?"

சர்ச் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள் ஒருத்தி அந்தப் பக்கம் வந்தாள். லொரெட்டா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒவ்வாமை உண்டு, டாக்டரிடம் காட்ட வேண்டும், இந்த அட்டையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்த அம்மாள் பதறிப்போய் அட்டையையும் கொடுத்து, ஒரு டப்பா சில்லியையும் மூடிக் கொடுத்து, விருந்து நடந்த நாளையும் இடத்தையும் எழுதித் தன் பெயரையும் போட்டுக் கொடுத்தாள்.

"பொய் சொல்லிட்டீங்களே, பாஸ்" என்றான் வெண்டல் வண்டியில் ஏறும்போது. "அதுவும் சர்ச்ல."

"எனக்கு ஒவ்வாமை இருக்கறது உண்மைதான். கோர்ட்ல பொய்ச் சத்தியம் பண்றவனைக் கண்டா உடம்பெல்லாம் அரிக்கும்."

* * *

மத்தியானக் கூட்டம் வடிந்திருந்த நேரம். டெஸ்பினா கடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அறுபது வயது, குட்டையான உருவம், இரும்புக் கரண்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. ஜெயிலுக்குப் போகிறவள் மாதிரியே தெரியவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை மட்டும் தயாராக இருந்தது. உள்ளே பல்துலக்கியும் மாத்திரையும் இருக்கும் என்று வெண்டல் நினைத்துக்கொண்டான். அவனுக்கு மனசு கஷ்டமாக இருந்தது, ஆகவே வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான்.

"அம்மா, போட்டிக்கு ஒருத்தன் கிளம்பியிருக்கான். உங்க கடைக்கு எதிர்லயே பந்தல் போட்டுடுவான் போலிருக்கு."

லொரெட்டா அட்டையை மேஜையில் வைத்தாள்.

டெஸ்பினா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். முதல் ஆறு பெயர்களைப் படிக்கும்போது அவள் முகம் இறுகியது. ஏழாவதைப் படித்ததும் குபீரென்று சிரித்துவிட்டாள். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சமையல்காரன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"பன்னீரை ஊத்திட்டானா? நெசமாவே ஊத்திட்டானா? படுபாவி!"

"நீங்க ஊத்தறதில்லையா?" என்றாள் லொரெட்டா.

"என்ன பேச்சு பேசறீங்க? எங்கப்பா கேட்டிருந்தா கரண்டியாலேயே போட்டிருப்பார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஊர்ல எந்தச் சில்லிக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வாங்க. சமையல் குறிப்பை எழுதவே கூடாது. எழுதித்தான் ஆகணும்னா ஒண்ணே ஒண்ணைப் பொய்யா எழுதணும். எதுல ருசி நிக்குதோ, அதை எடுத்துட்டு அந்த இடத்துல பொய்யை வைக்கணும். திருடினவன் என்னைக்காவது அந்தப் பொய்யைச் சமைப்பான், அன்னைக்கு அவன் குட்டு உடையும். எனக்கு நெஞ்சுல ஆப்பரேஷன் பண்ணினாங்களே, அதுக்கு முன்னாடி, செத்துகித்துப் போயிட்டா என்ன பண்றதுன்னு டைப் அடிச்சு வச்சேன். ஏழாவது இடத்துல பன்னீர்னு போட்டேன்."

"வேற எங்கயாவது எழுதியிருக்கீங்களா? யார்கிட்டயாவது சொன்னதுண்டா?"

"எங்கயும் இல்ல, யார்கிட்டயும் இல்ல. மசாலாவைக் கதவைச் சாத்திக்கிட்டு நானேதான் கலக்கறேன். அந்தப் பன்னீர் இந்த உலகத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. அந்த லேப்டாப்ல."

வெண்டல் இரண்டு கையையும் தட்டினான். "மாட்டினான்! பூட்டு திறக்கலன்னு சத்தியம் பண்ணிட்டு, உள்ள பூந்து அடுப்படி வரைக்கும் போய் ரசிச்சுட்டு வந்திருக்கான்."

"திருட்டுச் சாவி போட்டுத் திறந்துட்டாங்க" என்றாள் லொரெட்டா. "ஆனா கேக்காமப் படிச்சுட்டதால அதை நீதிபதிகிட்டச் சொல்ல முடியாது. அதனால வீட்டுக்காரியோட கையாலேயே ஒருதடவை கதவைத் திறக்க வச்சுட்டா, முன்னாடி நுழைஞ்சது தெரியாமப் போயிடும்னு பார்த்திருக்காங்க. டெஸ்பினா, நீங்க நாளைக்கு ஜெயிலுக்குப் போக மாட்டீங்க."

அவள் சந்தோஷப்படுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். டெஸ்பினாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அட்டையையே பார்த்தாள்.

"அந்தப் பட்டியலும் அதே மெஷின்லதான் இருக்கு" என்றாள். "சமையல் குறிப்புக்குப் பக்கத்துலயே. சோத்துக் குறிப்பைப் படிச்சவன் அதைப் படிக்காமலா விட்டிருப்பான்?"

அட்டையைக் கண்டுபிடித்த குஷியில் இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று வெண்டலுக்கு வெட்கமாக இருந்தது. ஜெயிலிலிருந்து அவளைக் காப்பாற்றும் அதே அட்டை, நாற்பத்தொரு வீட்டின் முகவரியும் எப்போதோ போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"எதுக்காக ஜெயிலுக்குப் போறேன்னு கிளம்பினேனோ, அது என் கையைவிட்டு முன்னாடியே போயிடுச்சு" என்றாள் டெஸ்பினா. "ஒரு குழந்தைக்கு நாலு வயசு. எந்த வீட்டுல விடணும்னு நான்தான் எழுதினேன். எழுதாமலே இருந்திருக்கலாம்."

"எழுதலன்னா அந்தக் குழந்தை பள்ளிக்கூட வாசல்லயே நிக்கும்" என்றாள் லொரெட்டா சற்றுக் கோபமாகவே. "இப்பக் கேளுங்க. அவங்க இன்னும் ஒரு வீட்டுக் கதவையும் தட்டல. ஏன்? எப்படித் தெரிஞ்சதுன்னு கோர்ட்ல கேட்டா பதில் சொல்ல முடியாது. அதுக்குத்தான் உங்க கடவுச்சொல் வேணும். நாளைக்கு நீதிபதி, 'திருடிப் படிச்சது எதையும் எவனும் பயன்படுத்தக் கூடாது'ன்னு ஒரு வரி எழுதிட்டா, அந்தப் பேருங்க மேல கை வைக்க முடியாது. அந்த ஒரு வரியை வாங்கணும்."

அன்று மாலை மூவரும் ஆளுக்கு ஒரு திசையில் வீடு வீடாகப் போனார்கள். சிலர் மூட்டையைக் கட்டினார்கள். பலருக்குப் போக்கிடம் இல்லை. பிள்ளைகளுக்கு மறுநாள் பரீட்சை இருந்தது.

* * *

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்கால். நீதிமன்றத் தாழ்வாரத்தில் அரசு வழக்கறிஞர் ப்ரெஸ்டன் ஆல்டர் பல்லெல்லாம் தெரிய வந்தார். அட்டையின் நகல் காலையிலேயே அவர் கைக்குப் போயிருந்தது. விதிப்படி டெஸ்பினாவின் வக்கீல் ஐரா ஃபிங்கல் கொடுத்துவிட்டார்.

"நல்ல செய்தி" என்றார் ஆல்டர். "மனுவை வாபஸ் வாங்கிக்கறோம். கடவுச்சொல் வேண்டாம், ஜெயிலும் வேண்டாம். நீங்க போய்க் கடையைத் திறங்க. விசாரணையே தேவையில்ல."

ஃபிங்கல் டெஸ்பினாவின் காதில், "ஜெயிச்சாச்சு, வாங்கிக்குங்க" என்றார்.

டெஸ்பினா ஆல்டரை அண்ணாந்து பார்த்தாள். "மெஷின்ல படிச்சதை என்ன பண்ணுவீங்க?"

"எதைப் படிச்சோம்? நாங்கதான் அதைத் திறக்கவே இல்லையே."

"அப்போ எனக்கு விசாரணை வேணும்" என்றாள் டெஸ்பினா.

ஆல்டரின் பல் உள்ளே போய்விட்டது. வெண்டல் அவரைத் தாண்டிப் போகும்போது, "சார், டை கோணலா இருக்கு" என்றான். டை நேராகத்தான் இருந்தது.

உள்ளே கடைசி வரிசையில் நாலு கிழவர்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஊரின் மற்ற சில்லிக் கடைக்காரர்கள். நடுவில் இருந்த ஸ்டவ்ரோ பெட்காஸுக்கு எண்பது இருக்கும். டெஸ்பினாவின் கடைக்கு நாலு தெரு தள்ளிக் கடை. நாற்பது வருடமாக அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் மாதம் ஒரு முறை யாரையாவது அனுப்பி அவள் சில்லியை வாங்கிவரச் சொல்லி, நக்கிப் பார்த்து, என்ன போட்டிருக்கிறாள் என்று மண்டையை உடைத்துக்கொள்வார் என்பது ஊரறிந்த கதை.

"ஜெயிலுக்குப் போறதை வேடிக்கை பார்க்க வந்திருக்கார் பாருங்க" என்றான் வெண்டல்.

நீதிபதி ப்ளெட்ஸோ அட்டையை வாங்கி இருமுறை படித்தாள். பிறகு டாலிவரைக் கூண்டில் ஏற்றினாள்.

"இந்தக் குறிப்பு உங்களுக்கு எங்கேர்ந்து கெடச்சது?"

"எங்க அத்தைகிட்டேர்ந்து, யுவர் ஆனர். லபக்ல இருக்காங்க."

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தாள். அவளும் இந்த ஊர்தான். "லபக்ல இருக்கற ஒரு அத்தை ஸ்பகெட்டி மேல சில்லி ஊத்தினாங்களா? அக்கம்பக்கத்துல யாரும் போலீசைக் கூப்பிடலையா?"

கூடமே சிரித்தது. டாலிவர் பேந்தப் பேந்த விழித்தான். ஆல்டர் சிரிக்கவில்லை, அவர் கெட்டிக்காரர்.

"யுவர் ஆனர், டாலிவர் அந்தக் கடையில பலதடவை சாப்பிட்டவர். நாக்கு நல்ல நாக்கு, பார்த்துப் பண்ணியிருக்கலாம். அட்டையில இருக்கற பன்னீர் கடைச் சட்டியில இல்லன்னு இந்த அம்மா சொல்றாங்க. சொன்னாப் போதுமா? ஒண்ணு, லேப்டாப்பைத் திறந்து அந்தக் குறிப்பைக் காட்டட்டும். இல்லன்னா, சட்டியில ஏழாவதா நிஜமாவே என்ன போடறாங்கன்னு சத்தியம் பண்ணிச் சொல்லட்டும். கடைச் சில்லியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துடலாம்."

சொல்லிவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தால் அவருக்கு வேண்டியது கிடைக்கும். இன்னொன்றை எந்தச் சில்லிக் குடும்பமும் செத்தாலும் செய்யாது என்று யாரோ அவருக்குச் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

"அவர் கேக்கறது நியாயம்தான்" என்றாள் நீதிபதி கொஞ்சம் தயக்கமாக. "திருமதி லாஸோஃப், கட்டாயம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

டெஸ்பினா கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். ஒருமுறை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கடைசி வரிசையில் அவள் கண் கொஞ்சம் நின்றது.

"லேப்டாப்பைத் திறக்க மாட்டேன்" என்றாள். "சட்டியில இருக்கறதைச் சொல்றேன்."

நீதிபதி பென்சிலை எடுத்து அட்டையின் மேல் வைத்துக்கொண்டாள். டெஸ்பினா பார்க்காமல் வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். மாட்டிறைச்சி. வெங்காயம். தக்காளி விழுது. பென்சில் ஒவ்வொன்றாகக் குறி போட்டது. வினிகர். இலவங்கப்பட்டை. கிராம்பு. ஆறும் அட்டையில் இருந்த வரிசையிலேயே வந்தன.

"ஏழாவது?" என்றாள் நீதிபதி.

டெஸ்பினா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பா முப்பது வருடம், அவள் முப்பது வருடம், கதவைச் சாத்திக்கொண்டு செய்தது.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. ஸ்டவ்ரோ பெட்காஸ் எழுந்தார். முழங்கால் நிமிர அவருக்கு நேரமெடுத்தது. தொப்பியைத் தலையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் நடந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவர் பின்னால் போனார்கள். கடைசியாகப் போனவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். புறங்கையால் துடைத்துக்கொண்டு, நீதிபதியைப் பார்த்து, ஏழாவது என்னவென்று தெளிவாகச் சொன்னாள். மிச்சம் ஆறையும் சொன்னாள். அவையும் அட்டையின் வரிசைப்படியே வந்தன. ஏழாவதாகச் சொன்னது என்ன என்று வெண்டலுக்குத் தெரியும், லொரெட்டாவுக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

நீதிபதி பென்சிலை வைத்தாள். "பதின்மூணுல பன்னிரண்டு அதே வரிசையில, ஒரு பொய் அதே இடத்துல. இது நாக்கால கண்டுபிடிக்கற விஷயம் இல்ல. மிஸ்டர் டாலிவர், ஆய்வகத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை கேக்கறேன். நீங்க அந்த மெஷினைத் திறந்தீங்களா?"

டாலிவர் ஆல்டரைப் பார்த்தான். ஆல்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு வக்கீல் வேணும், யுவர் ஆனர்" என்றான் டாலிவர்.

ஆய்வகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நீதிபதி அங்கேயே உத்தரவு சொன்னாள். லேப்டாப் இன்றே உரியவளிடம் திரும்ப வேண்டும். எடுத்த நகல் அத்தனையும் மாலைக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். உள்ளே இருந்து அறிந்த எந்தப் பெயரையும், எந்த முகவரியையும், எந்த அரசு ஊழியரும் எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது; அந்த நாற்பத்தொரு கதவில் ஒன்றைத் தட்டினாலும், தட்டியவன் முதலில் தன்னிடம் வந்து காரணம் சொல்ல வேண்டும். கடைசி வாக்கியத்தை எழுதுகிறவரிடம் இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள்.

* * *

டெஸ்பினாவை ஃபிங்கலோடு உள்ளே விட்டுவிட்டு வெண்டல் முதலில் வெளியே வந்தான். நீதிமன்றப் படிக்கட்டில் நாலு கிழவர்களும் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் ஸ்டவ்ரோ ஒரு படி ஏறி வந்தார்.

நாற்பது வருடமாக இந்த ஆள் தேடியது இப்போது தன் நாக்கு நுனியில் இருக்கிறது என்று வெண்டலுக்குத் தோன்றியது. அவன் எதையும் அரை மணிக்கு மேல் வயிற்றில் வைத்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. கிழவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"தம்பி" என்றார் ஸ்டவ்ரோ. "ஜெயிலா, வீடா?"

"வீடு, ஐயா."

"அந்தக் குடும்பங்க?"

"தொடக் கூடாதுன்னு உத்தரவு."

கிழவர் தலையை ஆட்டினார். காதை மூட தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவ வெளிய வந்ததும் சொல்லிடு. இன்னைக்கு மத்தியானம் அவ கடையைத் திறக்க நேரமாகும். சாப்பிட வர்றவங்களை நாங்க பார்த்துக்கறோம்."

நாலு பேரும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார்கள். வேறெதுவும் கேட்கவில்லை.